குலசேகரத்தை ஒருவரும் கேட்கவில்லை

"வாயைத் திறவுங்கோ அப்பா. இன்னும் ரெண்டு கரண்டிதான்."

இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டு, கட்டி ஒன்றும் இல்லாமல் மசித்துக் கொண்டுவந்திருந்தாள் வத்சலா. அவளுடைய கணவர் குலசேகரம் கட்டிலில் தலையணைகள் முட்டுக்கொடுக்க நிமிர்ந்து இருந்தார். கரண்டி உதட்டில் பட்டதும் வாய் திறந்தது. கண் மட்டும் யன்னலை விட்டு வரவில்லை.

"உப்புக் காணுமோ தம்பிக்கு?" கால்மாட்டில் கதிரை போட்டிருந்த தவமலர் கேட்டாள். தவமலர் குலசேகரத்தின் தமக்கை. ஆனால் கேட்டது வத்சலாவை.

"காணும் மச்சாள். அவருக்கு இப்ப உப்புக் குறைவாத்தான் விருப்பம்."

"முந்தியெண்டா உப்பில்லாட்டிக் கோப்பையைத் தள்ளி விடுவான்."

"இப்ப அந்தக் குழப்படி ஒண்டும் இல்லை."

குலசேகரத்தின் உப்பைப் பற்றி இரண்டு பெண்களும் பேசி முடித்தார்கள். நடுவில் இருந்தவர் விழுங்கினார்.

வெம்பிளிக்குப் பக்கத்தில், நீளமாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று அது. மேல்மாடியின் பின்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். குளியலறைக்கு அதுதான் கிட்ட. முந்திய வருட மாரியில் வந்த ஸ்ரோக் அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியது "தா" என்ற ஒரே ஒரு சத்தம். பசித்தாலும் தா, நொந்தாலும் தா, சிரிப்பு வந்தாலும் தா. எந்தத் தாவுக்கு என்ன கருத்து என்று தனக்குத் தெரியும் என்றே வத்சலா நம்பினாள். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியப்போகிறது?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் ஒரு வழி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஓம் என்றால் இடக்கைப் பெருவிரலை உயர்த்துவார், இல்லை என்றால் கையைப் பொத்துவார். ஆனால் கேள்வி கேட்டபிறகு பொறுத்திருக்க வேண்டும், அவருக்கு நேரம் எடுக்கும் என்று. முதல் மாதம் வத்சலா பொறுத்திருந்தாள். பிறகு அடுப்பில் சோறு, வாசலில் நேர்ஸ், போனில் சிட்னியில் இருக்கும் மகள். விரல் எழும்புவதற்குள் பதிலையும் அவளே சொல்லிவிடப் பழகிக்கொண்டாள். அதை யாரும் குற்றமாக எடுக்கவில்லை. புருஷனை இப்படிப் பார்க்கிற பெண் லட்சத்தில் ஒருத்தி என்றுதான் சனம் சொன்னது.

கடைசிக் கரண்டி பாதி வழியில் இருந்தபோது வெளியே அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய கம்பியை இழுத்து உரசியது போன்ற கூர்மையான கீச்சு. யன்னலுக்குக் குறுக்கே கறுப்பாக எதுவோ சீறிப் பாய்ந்தது. பின்னால் இன்னும் நாலைந்து. கூரை விளிம்பை உரசுவது போல வளைந்து, கத்திக்கொண்டே போய், திரும்பவும் வந்தன.

குலசேகரத்தின் இடக்கை மேலே எழும்பியது. "தா. தா. தா." கண்ணில் நீர் வழிந்தது. கரண்டி தட்டுப்பட்டுச் சொதி படுக்கைவிரிப்பில் கொட்டியது.

"பாத்தியே வத்சலா? பயப்பிடுறான்," என்றாள் தவமலர்.

"கொஞ்ச நாளா இப்பிடித்தான் மச்சாள். பொழுதுபட இந்தக் கோதாரிக் குருவியள் வந்து கத்துறதும், இவர் அழுறதும்."

தவமலர் எழும்பி யன்னலடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். "முழுக்கக் கறுப்பு. வீட்டைச் சுத்திச் சுத்திக் கத்துது. உனக்கு விளங்கேல்லையே? இது சாக்குருவியடி."

வத்சலாவுக்குச் சிரிப்பு வந்தது. "லண்டனிலையும் சாக்குருவியோ? அதுக்கு ஆர் மச்சாள் விசா குடுத்தது?"

"பகிடி விடாதை. ஹறோவில பத்மநாதன்ர வீட்டிலையும் உப்பிடித்தான் வந்து கத்தினது. மனுசன் நல்லாத்தான் திரிஞ்சவர். மூண்டாம் கிழமை ஆள் இல்லை."

"அவருக்குத் தொண்ணூறு வயசெல்லோ?"

"வயசு எண்டால் சும்மா போயிடுமே? ஏதோ ஒண்டு வந்து கூப்பிடோணும். வருத்தக்காரருக்குத்தான் அதுகளின்ர அறிகுறி தெரியும். அவன்ர முகத்தைப் பார். வாய் ஏலாமல் சொல்லுறான்."

வத்சலா முகத்தைப் பார்த்தாள். பகிடியை விட்டுவிட்டு, விரிப்பில் கொட்டிய சொதியைத் துடைத்தாள். அடுத்த ஸ்ரோக் எப்போதும் வரலாம், வந்தால் தாங்கமாட்டார் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சமைக்கும்போதும், உடுப்புத் தோய்க்கும்போதும், மாடிப்படி ஏறும்போதும் அந்தச் சொல் அவளோடுதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதற்கு ஒரு சிறகும் முளைத்துவிட்டது.

மறுநாள் பின்வளவில் நின்று பார்த்தாள். குருவி ஒன்று விசையாக வந்து, யன்னலுக்கு நேர் மேலே கூரை விளிம்பில் இருந்த சிறு இடுக்குக்குள் அப்படியே மறைந்தது. வெளியில் பறந்து திரிகிறவை என்று நினைத்தவை வீட்டுக்குள்ளேயே குடியிருந்தன.

என்ன செய்யலாம் என்று அவள் எல்லாரையும் கேட்டாள். "அம்மா, இது சில்லி," என்றாள் சிட்னி மகள். பிறகு, அப்பா அழுகிறார் என்று கேட்டதும் அவளும் அழுதுவிட்டு, "நீங்கள் எது செய்தாலும் சரி," என்றாள். யாழ்ப்பாணத்துச் சாத்திரியாரிடம் தவமலர் போனில் கேட்டுச் சொன்னாள். அட்டமத்துச் சனியாம், வீட்டில் ஓட்டை இருக்கக்கூடாதாம். பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பெண்மணி, தன் கூரையை முழுக்கப் பிளாஸ்ரிக் போட்டு மூடியதிலிருந்து ஒரு தொல்லையும் இல்லை என்றாள். பிரஷர் பார்க்க வந்த நேர்ஸ், கொஞ்சம் கூடியிருக்கிறது, அமைதியாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தனை பேச்சும் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் நடந்தது.

கூரை வேலைக்கு றொஜன் வந்தான். ஜேர்மனியில் டோர்ட்முண்டில் வளர்ந்து, பெண் எடுத்த இடம் லண்டன் என்பதால் இங்கே வந்து மழைத்தண்ணி ஓடும் பீலி, கூரை, சிமினி என்று வேலை செய்கிறவன். ஏணியைச் சாத்தமுதலே அவன் கேட்டான்.

"அன்ரி, உதுக்குள்ள கூடு இருக்கோ? கூடு இருந்தா இந்த நாட்டில கை வைக்கேலாது. சட்டம். என்னிலதான் கேஸ் விழும். குருவி போனாப்பிறகு, செப்டெம்பரில வந்து வடிவா அடைச்சுத் தாறன்."

"செப்டெம்பர் மட்டும் என்ர தம்பி இருப்பானோ எண்டு ஆர் கண்டது?" என்றாள் தவமலர். "ஒரு வருத்தக்கார மனுசன் பயந்து சாகுது. நீ குருவிக்குச் சட்டம் கதைக்கிறாய்."

"அப்பிடியில்லை அன்ரி..."

"ஏறிப் பார் மோனை. கூடு இருந்தால் இறங்கு. இல்லாட்டி அடை. உவ்வளவுதானே?"

றொஜன் ஏறினான். போன் வெளிச்சத்தை இடுக்குக்குள் அடித்துப் பார்த்தான். வைக்கோல் இல்லை, குச்சி இல்லை, சுவரில் எச்சம்கூட இல்லை. உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்திருக்கலாம். அடுத்த வேலைக்கு ஈலிங்கில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். "ஒண்டும் தெரியேல்லை அன்ரி," என்று மேலே இருந்து சொன்னான். கேட்டவர்களுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

அவன் பலகை வைத்து அடிக்கும்போது வத்சலா கணவனின் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு அடிக்கும் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குலசேகரம் இடக்கையால் கட்டில் கம்பியை அறைந்தார். "தா. தா." முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, உடம்பின் நல்ல பாதி கட்டிலை விட்டு எழும்பப் பார்த்தது. அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பயப்பிடாதேங்கோ அப்பா. முடிஞ்சுது. இனி அதுகள் வராது. நான் விடமாட்டன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கையை இழுத்து எடுத்துக்கொண்டார். களைத்துப்போனார் என்று அவள் நினைத்தாள்.

அன்று பின்னேரம் குருவிகள் வந்தன. வந்த வேகத்தில் பலகையில் மோதின. ஒரு மெத்தென்ற அடி, நகம் சுவரில் பிறாண்டும் சத்தம், கீழே விழுந்து பிறகு எப்படியோ மேலே எழும்பும் சிறகடிப்பு. திரும்பவும் அடி. வெளிச்சம் நெடுநேரம் கிடக்கிற ஆனி மாதம் அது. இருட்டுகிறவரை அவை விடவில்லை. வத்சலா திரைச்சீலையை இழுத்துவிட்டு ரீவியைச் சத்தமாகப் போட்டாள். குலசேகரம் ரீவி பார்க்கவில்லை. சுவரும் உட்கூரையும் சேருகிற மூலையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் காலையில் அவர் வாய் திறக்கவில்லை. இடியப்பத்துக்கும் திறக்கவில்லை, தேத்தண்ணிக்கும் திறக்கவில்லை. மருந்தை மட்டும் தூளாக்கி எப்படியோ கொடுத்தாள்.

"தோஷம் கழியுது," என்று போனில் சொன்னாள் தவமலர். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை, ஈலிங் அம்மனிட்டைப் போறன். விபூதி கொண்டுவாறன். ரெண்டு நாளில சாப்பிடுவான் பார்."

விபூதியும் வந்தது. வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்வேட் வந்தார். எட்வேட்டும் குலசேகரமும் ஒரு பெற்றோல் ஸ்ரேஷனில் பல வருடம் சேர்ந்து இரவு ஷிப்ட் செய்தவர்கள். ஆஸ்பத்திரியில் அந்த விரல் வழியைக் காட்டிய நாளில் எட்வேட்டும் கூட நின்றார். பிறகு முழங்காலுக்கு ஒப்பரேஷன் செய்து கிடந்ததால் மாதக்கணக்காக அவருக்கு வர முடியவில்லை. ஈஸ்ட் ஹாமிலிருந்து ரயில் மாறி மாறி, ஊன்றுகோலோடும் ஒரு பெட்டி முந்திரிகைப்பழத்தோடும் வந்து, மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறினார்.

"டேய் குலம். உனக்கு வாய் போயிட்டுது, எனக்குக் கால் போயிட்டுது. ரெண்டு பேரையும் பொருத்தினால் ஒரு முழு ஆள் வரும் போல."

அவர் மற்றவர்களைப் போலக் கால்மாட்டில் இருக்கவில்லை. கதிரையை இழுத்துக்கொண்டு குலசேகரத்தின் இடப்பக்கம் போய், முகத்துக்கு நேரே இருந்தார்.

"சொல்லு பாப்பம். உன்ர ஆக்கள் வந்திட்டினமோ இந்த முறை?"

"அவரால இப்ப ஒண்டும்..." என்று தொடங்கினாள் வத்சலா.

"பொறுங்கோ தங்கச்சி. நான் இவனையெல்லோ கேட்டனான்."

எட்வேட் ஊன்றுகோலில் நாடியை ஊன்றிக்கொண்டு பார்த்திருந்தார். பஸ்ஸுக்கு நிற்கிற மனிதரைப் போல, அவசரமே இல்லாமல். வத்சலாவுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. போய்த் தேத்தண்ணி போடுவமோ என்று யோசித்தாள். அப்போதுதான் விரிப்பின்மேல் கிடந்த இடக்கை அசைந்தது. மற்ற விரல்கள் மடங்க, பெருவிரல் மெதுமெதுவாக எழும்பி நின்றது. கண்ணிலும் நீர் வழிந்தது.

வத்சலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரலை அவள் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று ஞாபகம் வரவில்லை.

"வந்திட்டினம்," என்றார் எட்வேட். "பின்னை ஏன்ரா அழுறாய்? பூனை கீனை பிடிச்சுதோ?"

கை பொத்தியது.

"மழைக்குப் போயிட்டுதுகளோ?"

திரும்பவும் பொத்தியது.

"ஆரும் ஏதும் செய்திட்டினமோ?"

இந்த முறை பெருவிரல் காத்திருக்கவில்லை. எழும்பிய கை அப்படியே திரும்பி, கதவடியில் நின்ற வத்சலாவைக் காட்டியது.

"எட்வேட் அண்ணை," என்றபடி அவள் கட்டிலடிக்கு வந்தாள். "ஆர் ஆக்கள்? ஆரைக் கேக்கிறீங்கள்?"

"குருவியள் தங்கச்சி. ஸ்விப்ட் எண்டு சொல்லுவினம் இங்க. தமிழில உழவாரன். உங்களுக்குத் தெரியாதே? ஒவ்வொரு வைகாசியும் முதல் குருவி வந்த அண்டைக்கு எனக்குப் போன் எடுப்பான். ஹலோ இல்லை, சுகமோ இல்லை. 'எட்வேட், வந்திட்டினம்.' அவ்வளவுதான், போனை வைச்சிடுவான். ஆபிரிக்காவில இருந்து வந்து, போன முறை இருந்த அதே ஓட்டைக்குள்ளதான் போகுங்களாம். முட்டையிட்டுக் குஞ்சு வளக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பறப்புத்தான். நித்திரையும் பறந்துகொண்டுதான். ஷிப்டில நாங்கள் நிண்ட நிலையில கண்ணயருவம் எல்லோ, அப்ப சொல்லுவான், 'டேய், நாங்களும் ஸ்விப்ட்தான்ரா' எண்டு."

வைகாசி மாதத்துப் பின்னேரங்கள் வத்சலாவுக்குக் கண்முன் வந்தன. தேத்தண்ணிக் கோப்பையோடு பின்வளவில் அண்ணாந்து நிற்கும் மனுசன். "உங்க என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வந்து இந்தச் சட்டிபானையைத் துடையுங்கோ," என்று குசினி யன்னலால் கூப்பிட்டது அவள்தான். வேலைக்குக் கள்ளம் செய்கிறார் என்று நினைத்திருந்தாள்.

"நான் அடைச்சுப்போட்டன் அண்ணை," என்றாள். "பயப்பிடுறார் எண்டு... அழுதவர். கையைக் கையைத் தூக்கினவர்."

எட்வேட் நண்பனின் பக்கம் திரும்பி, "பயந்தனியே குலம்?" என்று கேட்டார்.

கை பொத்தியது. பொத்தியபடியே நெடுநேரம் இருந்தது.

"எப்ப அடைச்சனீங்கள்?"

"வியாழக்கிழமை."

"ஆனி மாசம். உள்ள குஞ்சு இருக்கும் தங்கச்சி."

வத்சலா கட்டிலைச் சுற்றிப் போய், கதிரை ஒன்றில் ஏறி, அவர் நாள் முழுக்கப் பார்த்துக் கிடந்த அந்த மூலையில் காதை வைத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, தூரத்தில் யாரோ சீப்பைத் தடவியது போல ஒரு சின்னச் சரசரப்பு. அது நின்றது.

றொஜனுக்குப் போன் போட்டார்கள். அவன் லெஸ்ரரில் ஒரு கலியாண வீட்டில் நின்றான். மேளச் சத்தத்துக்குள்ளே விஷயம் விளங்கியதும் வேறு பேச்சுப் பேசவில்லை. விடியற்காலையில் வருவதாகச் சொன்னான், வந்தான். கலியாணத்துக்குப் போட்ட சேர்ட்டோடேயே ஏணியில் ஏறிப் பலகையை நெம்பி எடுத்தான். இந்த முறை கையை உள்ளே விட்டான். தோள்மூட்டுவரை விட்டான். கூடு என்று சொல்ல அதிகம் எதுவும் இல்லை. எச்சிலால் ஒட்டிய சில சிறகுகளும் தும்பும் சேர்ந்த சின்ன வளையம், போன் வெளிச்சம் எட்டாத ஆழத்தில்.

"ரெண்டு அன்ரி," என்றான். "ஒண்டு முடிஞ்சுது. மற்றதில கொஞ்சம் உயிர் கிடக்கு."

தாய் தகப்பன் இரைக்குத் தூரம் போய் வரப் பிந்தினால், இந்தக் குஞ்சுகள் தங்கள் உடம்பைக் குளிரவிட்டு, மூச்சைக் குறைத்துக்கொண்டு, பசியை நாட்கணக்காகத் தாங்கிக் கிடக்கும். வருவார்கள் என்ற நம்பிக்கையில் உடம்பே செய்துகொள்கிற ஏற்பாடு. பலகைக்குப் பின்னாலும் அப்படித்தான் அவை காத்திருந்தன.

"என்ன செய்ய அன்ரி? திரும்பி வைக்கிறதோ, குருவி வளக்கிற ஆரிட்டையும் குடுக்கிறதோ?"

வத்சலா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். "அப்பா, ஒரு குஞ்சு உயிரோட இருக்கு. கூட்டிலேயே திரும்பி வைக்கச் சொல்லட்டே?" மூச்சு இரைக்கக் கேட்டுவிட்டு நின்றாள். அந்தக் காத்திருப்பு அவளுடைய வாழ்க்கையிலேயே நீளமானதாக இருந்தது. பெருவிரல் எழும்பியது. "அதுக்கு முதல் உங்களுக்குப் பாக்க விருப்பமோ?" திரும்பவும் எழும்பியது.

றொஜன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளையும் கிண்ணம் போல வைத்துக்கொண்டு மேலே வந்தான். கண் மூடிய, சாம்பல் நிறமான சின்ன உடல். சிறகு மட்டும் உடம்புக்கு மிஞ்சி நீண்டிருந்தது. குலசேகரம் ஒரு விரலால் அதன் முதுகைத் தொட்டார். "தா," என்றார். இதுவரை அவளுக்குக் கேட்டிராத ஒரு தா அது. றொஜன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, "அங்கிள், நான் கையை விட்டுப் பாத்திருக்கோணும்," என்றான்.

அன்று மத்தியானம் அவர் கரண்டிக்கு வாய் திறந்தார். பின்னேரம் திரைச்சீலை முழுக்கத் திறந்து கிடந்தது. குருவிகள் உயரத்தில் சுற்றின. ஒன்று மட்டும் தாழ வந்து, இடுக்குக்கு முன்னால் திரும்பி, திரும்பவும் வந்து, கடைசியில் உள்ளே போனது. வத்சலா கணவனின் கையைப் பிடித்தாள், அவர் இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் அது வெளியே வந்து, நேரே மேலே போய்விட்டது. பிறகு வரவில்லை. மறுநாள் றொஜன் ஏறிப் பார்த்து, ஏணியில் நின்றபடியே இல்லை என்று தலையை ஆட்டினான். பின்வளவில் றோஜாச் செடிக்குக் கீழே இரண்டையும் ஒன்றாகப் புதைத்தார்கள். மற்ற வீடுகளுக்கு மேலே குருவிகள் ஆடி முடியும்வரை கத்திக்கொண்டு பறந்தன. இந்தக் கூரைக்கு மட்டும் கிட்ட வரவில்லை.

குஞ்சுகளைப் புதைத்த கிழமையே, வெள்ளிக்கிழமை, தவமலர் அம்மன் கோயில் விபூதியோடு வந்தாள். வழமையான இடத்தில், கால்மாட்டில் இருந்தாள். நடந்தது எல்லாவற்றையும் வத்சலா சொன்னாள். தவமலரின் முகம் கறுத்தது.

"எனக்கென்னடி தெரியும், அவனுக்கு அதில விருப்பம் எண்டு? நன்மைக்குத்தானே சொன்னன். சரி, நடந்தது நடந்துபோச்சு. தம்பி அதையெல்லாம் மறந்திருப்பான். அவனுக்கு உன்னில கோவம் வருமே? பச்சைப் பிள்ளை மாதிரி எல்லோ கிடக்கிறான்."

"அவரைக் கேப்பம் மச்சாள்."

"என்னத்தைக் கேக்கிறது?"

வத்சலா எழும்பி இடப்பக்கமாகப் போய், கட்டில் ஓரத்தில், அவருடைய முகத்துக்கு நேரே இருந்தாள்.

"அப்பா. உங்களுக்கு என்னில கோவமே?"

கேட்டுவிட்டு இருந்தாள். தவமலர் நெளிந்தாள். "விடு வத்சலா, அவனைக் கரைச்சல்..." என்று தொடங்கியவளை வத்சலா கையைக் காட்டி நிறுத்தினாள். கீழே யாரோ காரைப் பின்னுக்கு எடுத்தார்கள். அது எடுத்துப் போயும்விட்டது. குலசேகரம் மனைவியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. பெருவிரல் எழும்பியது. நேராக, உறுதியாக நின்றது.

"ஐயோ தம்பி," என்றாள் தவமலர்.

"பரவாயில்லை," என்றாள் வத்சலா. கண்ணீர் கன்னத்தில் ஓடியது, துடைக்கவில்லை. "கோவம் இருக்கட்டும். ஒண்டரை வருசத்துக்குப் பிறகு அவர் தன்ர மனசை எனக்குச் சொன்ன முதல் கதை இது. நான் கேட்டனான், அவர் சொன்னவர்."

பிறகு தவமலரைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மச்சாள், சாக்குருவி எண்டு ஒண்டும் இல்லை. அது தன்ர குஞ்சுக்குத் தீன் கொண்டுவந்த குருவி. பயந்தது அவர் இல்லை, நான். என்ர பயத்துக்கு அவரின்ர பேரை வைச்சு, உயிரோட கிடந்த கூட்டை மூடினன். சாத்திரியாரைக் கேட்டன், நேர்ஸைக் கேட்டன், சிட்னியைக் கேட்டன். ரெண்டு அடி தள்ளிக் கிடந்த மனுசனைக் கேக்கேல்லை. வருத்தத்தில விழுந்தவருக்கு வாய்தான் போகும், விருப்பம் போகாது. அவருக்காகத்தான் செய்யிறன் எண்டு சொல்லுறவை முதல் அவரைக் கேக்கோணும். கேட்டால் மட்டும் காணாது. பதில் வருமட்டும் இருக்கோணும். அந்தளவுக்கு நேரமில்லாத ஒருத்தரும் இனி இந்த அறைக்கு வருத்தம் பாக்க வரத் தேவையில்லை."

தவமலர் மடியில் இருந்த விபூதிப் பையை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். பிறகு கதிரையைத் தூக்கிக்கொண்டு, கட்டிலைச் சுற்றி, இடப்பக்கம் வந்தாள்.